வேலூர்ப் பக்கத்து எம்-சாண்ட், பி-சாண்ட்: லோடு இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு இறங்குகிறது. வி.எஸ்.ஐ. என்ற, கல்லை வீசி மோதவைக்கும் இயந்திரத்தில் உடைத்து, கழுவி, சலித்தது ஒன்று. அதே இயந்திரத்தில் உடைத்தும் கழுவாமல் அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, ஜல்லி உடைக்கும்போது சல்லடைக்குக் கீழே கொட்டுகிற கிரஷர் டஸ்ட். பில்லில் மட்டும் அதற்கு எம்-சாண்ட் என்று பெயர். மூன்றும் சாம்பல் நிறம். ஈரமாக வந்து நின்றால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

முதல் வகைக்குக் கான்கிரீட் வேலையில் ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவதற்கு மூன்று, அதுவும் பாறை நல்லதாக அமைந்தால். மூன்றாவதை டிப்பர் தூக்குவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்டின் கதை வேறு, அதற்குக் கடைசியில் வருகிறோம்.

முதலில் பாறை. பழைய வட ஆற்காடு, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள், பெரும்பாலும் 250 கோடி ஆண்டு அளவு பழமையான பாறையின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. குவாரிகளில் முக்கியமாகக் கிடைப்பது இரண்டு வகை. ஒன்று சார்னகைட். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில், நீர்ச்சத்து மிகக் குறைந்த சூழலில் உருமாறிய பாறை அது. கருநீலமாக, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்கும். ‘ப்ளூ மெட்டல்’ என்று ஜல்லிக்குப் பெயர் வந்ததே இந்த நிறத்தால்தான். இன்னொன்று நைஸ். வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடும், சில இடங்களில் இளஞ்சிவப்பு கலந்திருக்கும்.

மணலுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நைஸில் ஓடும் கறுப்பு வரிகளில் நிறைய இடங்களில் இருப்பது பயோடைட் என்கிற கருமைக்கா. மைக்கா தாள்தாளாகப் பிரியும். எந்த இயந்திரத்தில் போட்டாலும் அது உருண்டையாகாது, செதிலாகத்தான் வரும். செதில் தண்ணீரை அதிகம் கேட்கும், சிமென்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. சார்னகைட்டில் பொதுவாக மைக்கா குறைவு, குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் என்ற கடினமான கனிமங்கள் இறுகப் பின்னியிருக்கும். ஆகவே அதை உடைத்தால் வரும் மணல் கனமாக, கூர்மையாக, சுத்தமாக இருக்கும். ‘எந்தக் குவாரிக் கல்?’ என்று கேட்பது வீண்கேள்வி இல்லை. கிரஷரில் கொட்டி வைத்திருக்கும் பெருங்கல்லைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கல்லோடு சிவப்பு மண்ணும், கையால் நொறுக்கினால் உதிர்கிற மக்கிய பாறையும் கலந்திருந்தால், மேல்மண்ணைச் சரியாக அகற்றாமல் வெட்டுகிறார்கள் என்று பொருள்.

ஆற்று மணலோடு ஒப்பிடாமல் எவரும் எம்-சாண்ட் வாங்குவதில்லை, அதனால் பாலாற்றைத் தொட்டுவிட்டுப் போவோம். நந்தி மலையில் பிறந்து கடல் சேரும்வரை 348 கிலோமீட்டர்; அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். இதே பாறைகள்தான் மலையில் வெயிலும் மழையும் பட்டு உதிர்ந்து ஆற்றுக்கு வருகின்றன. வழியில் பெல்ட்ஸ்பார் மெல்ல மக்கிக் களியாகிறது, மைக்கா மிதந்து போகிறது, குவார்ட்ஸ் மட்டும் உருண்டு, முனை மழுங்கி, மணலாகத் தங்குகிறது. ஆறு பல ஆயிரம் ஆண்டு எடுத்துக்கொண்டு செய்த தரம் பிரிக்கும் வேலையை கிரஷரில் சில நிமிடத்தில் செய்யப் பார்க்கிறோம். எம்-சாண்டின் குணமும் குறையும் இந்த அவசரத்திலிருந்துதான் வருகின்றன. ஆற்றில் அள்ளியதன் விலையை ஊற்றுக்கால்களும் கிணறுகளும் கொடுத்தாகிவிட்டது. ‘ஆற்று மணலே கிடைத்தால் நல்லது’ என்ற ஏக்கத்தைப் பல மேஸ்திரிகள் இன்னும் விடவில்லை. கான்கிரீட்டைப் பொறுத்தவரை அந்த ஏக்கத்துக்கு இப்போது காரணம் இல்லை.

கிரஷரில் நடப்பது இது. வெடி வைத்துப் பெயர்த்த கல் முதலில் அதிரும் கம்பித்தட்டில் விழும். மண்ணும் பொடியும் அங்கேயே கம்பி இடுக்கில் கீழே இறங்கிவிட வேண்டும். பிறகு ஜா கிரஷர் கல்லைத் தாடையில் கடித்து உடைக்கும். அடுத்தது கோன் கிரஷர். அது நசுக்கிச் சிறிதாக்கும். நசுக்கி உடைத்த கல் தட்டையாகவும் நீளமாகவும் வருவதுதான் வழக்கம். இந்த இடத்தில் சலித்தால் முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, கால் இன்ச் சிப்ஸ், கடைசியாக டஸ்ட். டஸ்ட்டில் செதில் வடிவத் துகளும் மாவும்தான் அதிகம், ஏனென்றால் அதை யாரும் மணலாக்க முயலவில்லை. அது ஜல்லியின் கழிவு.

நிஜ எம்-சாண்டுக்கு இதற்கு மேல் ஒரு கட்டம் உண்டு. வி.எஸ்.ஐ. என்பது வேகமாகச் சுழலும் ஒரு ரோட்டார். உள்ளே விழும் சிறு கல்லை நொடிக்கு 50 முதல் 70 மீட்டர் வேகத்தில் வெளியே வீசும். வீசிய கல் சுற்றுச் சுவரில் படிந்திருக்கும் கற்படுகையிலோ இரும்புப் பட்டடைகளிலோ மோதி, பலவீனமான இடத்தில் பிளக்கும்; தட்டை முனைகள் முறிந்து கனசதுரத்துக்கு நெருக்கமான வடிவம் வரும். 4.75 மி.மீ. சல்லடையில் நிற்பது திரும்ப ரோட்டாருக்கே போகும்.

வாங்குபவருக்குத் தெரியாமல் தரம் மாறுகிற இடமும் இந்த ரோட்டார்தான். அதன் விளிம்பில் இருக்கும் முனைகள் தேயும் பொருள். நம் பக்கத்துக் குவார்ட்ஸ் மிகுந்த கல் அவற்றை வேகமாகவே தின்னும். தேய்ந்தபின் மாற்றாமல் ஓட்டினால் வீச்சு குறைந்து மணல் பருமனாகும், வடிவமும் கெடும். போன மாதம் நன்றாக வந்த அதே கிரஷரின் லோடு இந்த மாதம் ‘சொரசொர’ என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அல்லது சல்லடை வலை கிழிந்திருக்கும். கிழிந்தால் மணலுக்குள் பயறு அளவுக் கல் தலைகாட்டும்.

அடுத்து கழுவுதல். உடைத்த மணலில் 75 மைக்ரானுக்கு (0.075 மி.மீ.) கீழான மாவு எப்படியும் இருக்கும். ஸ்க்ரூ வாஷரிலோ வாளிச்சக்கரத்திலோ தண்ணீரில் அலசி அதை நீக்குகிறார்கள். மாவுத் தண்ணீர் தொட்டியில் தெளிந்து மறுபடி பயன்படும், அடியில் சேறு தங்கும். மணல், ஜல்லிக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு ஆற்று மணலில் 75 மைக்ரானுக்குக் கீழ் 3 சதவீதம்தான் அனுமதிக்கிறது. உடைத்த கல் மணலுக்கு 15 வரை விடுகிறது. இந்தத் தளர்வைப் பார்த்து முகம் சுளிக்கத் தேவையில்லை. ஆற்று மணலின் நுண்பொடி பெரும்பாலும் களி, அது சிமென்ட்டுக்கு விரோதி. எம்-சாண்டின் நுண்பொடி சுத்தமான கல்மாவாக இருந்தால் அது துகள்களின் இடுக்கை நிரப்பி, கான்கிரீட்டுக்குப் பிடிப்பு கொடுக்கும். ஆகவே ஐந்து, ஏழு சதவீதம் மாவு குறையே இல்லை. பத்தைத் தாண்டினால் தண்ணீர்த் தேவை ஏறத் தொடங்கும், அங்கிருந்து எச்சரிக்கை.

நேர்மாறான குறையும் உண்டு, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அளவுக்கு மீறிக் கழுவிய மணல் பார்க்கப் பளிச்சென்று இருக்கும். 150 முதல் 300 மைக்ரான் துகள்களும் மாவோடு சேர்ந்து போயிருக்கும். அந்த மணலில் போட்ட கான்கிரீட் கலவையில் ஒட்டாமல் தண்ணீர் தனியே மேலே வரும், சிமென்ட் பால் ஒழுகும், பலகை பிரித்தால் தேன்கூடு போல் ஓட்டைகள் தெரியும். ‘சுத்தமா கழுவினது சார்’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கக்கூடாது.

துகள் பருமனை வைத்து மணலை நான்கு மண்டலமாகப் பிரிக்கிறார்கள். கான்கிரீட்டுக்குக் கேட்க வேண்டியது இரண்டாம் மண்டல மணல். இதே விதிநூல்படி 4.75 மி.மீ. சல்லடையில் 90 முதல் 100 சதவீதம், 2.36-இல் 75 முதல் 100, 1.18-இல் 55 முதல் 90, 600 மைக்ரானில் 35 முதல் 59, 300 மைக்ரானில் 8 முதல் 30 சதவீதம் கடந்து போக வேண்டும். உடைத்த மணல் தவறும் இடம் பெரும்பாலும் நடுப்பகுதி. பருமனும் நிறைய, மாவும் நிறைய, 300-க்கும் 600-க்கும் இடைப்பட்டது குறைச்சல். சோதனைச் சான்றிதழைக் கொடுத்தால் முதலில் 600 மைக்ரான் வரியைப் பாருங்கள். அது 35-க்குக் கீழே இருந்தால் முதல் மண்டலத்துப் பருமன் மணல். தளம் போட முடியும், ஆனால் ஜல்லியைக் கொஞ்சம் குறைத்து மணல் விகிதத்தைக் கூட்டாமல் பழைய கணக்கிலேயே கலந்தால் கரடுமுரடாக இருக்கும்.

கான்கிரீட்டில் இதன் நடத்தை. முனை மழுங்காத துகள் என்பதால் அதே இளக்கத்துக்கு ஆற்று மணலை விடத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். இங்கேதான் தளத்தில் தவறு நடக்கிறது: கலவை இறுகித் தெரிந்ததும் மிக்சரில் இன்னொரு குடம் ஊற்றுகிறார்கள். பலம் போவது மணலால் அல்ல, அந்தக் குடத்தால். தண்ணீர்-சிமென்ட் விகிதம் மாறாமல் பார்த்துக்கொண்டால் எம்-சாண்ட் கான்கிரீட் ஆற்று மணல் கான்கிரீட்டுக்கு இணையாகவோ மேலாகவோ பலம் காட்டும். இளக்கம் வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமல் கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்ப்பதே முறை.

ஒரு கணக்கு. 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ, சுமார் 35 லிட்டர் கன அளவு. தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.5 என்றால் மொத்தத் தண்ணீர் 25 லிட்டர். மூட்டைக்கு மணல் 52 லிட்டர், எடை 85 கிலோ அளவு. கழுவி வந்த மணலில் 6 சதவீத ஈரம் இருந்தால் அதிலேயே 5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் ஒன்றிரண்டு லிட்டரைத் துகளே உறிஞ்சி வைத்திருக்கும், மீதி கலவைக்கு வந்துவிடும். ஆகவே ஊற்ற வேண்டியது 21, 22 லிட்டர்தான். இதைக் கழிக்காமல் 25-ஐயும் ஊற்றுபவர்கள்தான் ‘எம்-சாண்ட் சரியில்லை’ என்று குறை சொல்கிறார்கள்.

ஈர மணல் உப்பிப் பெருகும். ஒரு பாத்திரத்தில் 20 செ.மீ. உயரத்துக்கு ஈர மணலைத் தளர்வாக நிரப்பி, வெளியே கொட்டி, பாத்திரத்தில் பாதித் தண்ணீர் விட்டு மணலைத் திரும்பப் போட்டுக் கிளறி அமரவிடுங்கள். உயரம் 16-க்கு இறங்கினால் உப்பல் 25 சதவீதம். பெட்டியால் அளந்து கலப்பவர்கள் அந்த அளவு மணலைக் கூட்டிக்கொள்ளாவிட்டால் தளத்துக்குப் போவது சிமென்ட் அதிகமும் மணல் குறைவுமான கலவை. விரிசலுக்கு அதுவும் ஒரு வழி.

தண்ணீரைப் பற்றி இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு சொல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் பகுதிகளின் நிலத்தடி நீரில் உப்பு ஏறிப்போனது ஊரறிந்த விஷயம். 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான வழக்கு அது. எம்-சாண்டில் இயல்பாக உப்பு கிடையாது, ஆனால் உப்புத் தண்ணீரில் கழுவினால் உப்பும் சேர்ந்து வரும். கான்கிரீட்டுக்கான விதிநூல் ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக்கூடாது என்கிறது. இந்தப் பகுதிகளில் போர்த் தண்ணீரையும், மணலையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது கம்பியைக் காப்பாற்றும்.

இனி லோடு வந்தவுடன். கைப்பிடி மணலை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உள்ளங்கையில் மணல் உதிர்ந்து, லேசான சாம்பல் படலம் மட்டும் நிற்க வேண்டும். உருண்டையாக ஒட்டிக்கொண்டு, தேய்த்தால் மாவு பூசியதுபோல் நின்றால் மாவு அதிகம். வெயிலில் ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி இப்படி அப்படிச் சாய்த்துப் பாருங்கள். மின்னல் மின்னலாகப் பளபளத்தால் மைக்கா. பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், முக்கால்வரை நல்ல தண்ணீர், குலுக்கி வையுங்கள். கல்மாவு சாம்பல் நிறத்தில் சீக்கிரம் படிந்துவிடும். பல மணி நேரம் கழித்தும் தண்ணீர் பழுப்பாகக் கலங்கியே நின்றால் உள்ளே களி. ஆற்று மணலுக்குச் செய்வதுபோல் இதில் உப்பு போட வேண்டாம். உப்பு களியைத் திரட்டிப் படியவைத்துவிடும், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

சந்தேகம் தீராவிட்டால் காய்ந்த மணல் ஒரு கிலோவை 75 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் தெளியும்வரை கழுவி, காயவைத்து, மறுபடி நிறுக்கலாம். 920 கிராம் நின்றால் மாவு 8 சதவீதம். கழுவாத சரக்கும் டஸ்ட்டும் இந்த ஒரு சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும். காய்ந்த மணலைத் தளத்தில் சலிக்கும் சித்தாளுக்கு முகக்கவசம் கட்டாயம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது.

அளவு விஷயத்தில் ஏமாற்று நுணுக்கமானது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, 2.83 கன மீட்டர். லாரித் தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரத்தை அடியில் பெருக்கி நூறால் வகுக்கலாம். 13-க்கு 7 தொட்டியில் 3 அடி 4 அங்குலம் நின்றால் மூன்று யூனிட். நடுவில் கூம்பாகக் குவித்து ஓரத்தில் இறங்கியிருந்தால் மட்டம் தட்டி அளக்கச் சொல்லுங்கள். எடைக்கு வாங்கினால் வேறு சிக்கல்: யூனிட்டுக்கு நாலரை டன் கணக்கில் மூன்று யூனிட் 13.5 டன், வாஷரிலிருந்து நேராக ஏற்றிய மணலில் 8 சதவீத ஈரம் இருந்தால் ஏறக்குறைய ஒரு டன் தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறோம். ஒரு நாளாவது வடிந்த குவியலிலிருந்து ஏற்றித் தரும் கிரஷர் கிடைத்தால் விடக்கூடாது.

2023-இல் தமிழ்நாடு அரசு எம்-சாண்ட் கொள்கையை வெளியிட்டது. பொதுப்பணித் துறை ஆய்வு செய்து தரச்சான்று கொடுக்கும் ஆலைகள் உண்டு. சான்றின் நகலையும் அதன் காலாவதித் தேதியையும் கேளுங்கள். நடைச்சீட்டு (மணல் கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு), எடைச்சீட்டு இரண்டும் லோடோடு வர வேண்டும். சான்று ஆலைக்குத்தான், லோடுக்கு அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

செங்கல் கட்டு வேலைக்கு நல்ல எம்-சாண்டுக்கு நாலு மதிப்பெண். பருமனைச் சலித்து எடுத்துவிட்டால் 1:6 கலவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பி-சாண்டுக்கு இரண்டரைதான், சுத்தமாகக் கழுவியது கிடைத்தால் மூன்றரை. வி.எஸ்.ஐ. மணலையே 2.36 மி.மீ. அளவில் சலித்து, கழுவி எடுத்தால் அது பி-சாண்ட். நடைமுறையில் பல இடங்களில் சலிப்பது மட்டும் நடக்கிறது. பருமன் போய்விட்டதால் மாவின் பங்கு இன்னும் ஏறும். தெளிவுத் தொட்டியின் சேற்றைக் காயவைத்து இதில் கலந்தால் மேஸ்திரிக்குப் பிடிக்கும்: கரண்டியில் வெண்ணெய்போல வழுக்கும், சுவரில் உடனே மட்டமாகும். மாவு குடித்த தண்ணீர் வெயிலில் வெளியேறும்போது பூச்சு சுருங்கி, சில நாளில் சுவர் முழுக்கச் சிலந்தி வலை விரிசல். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரண்டியில் கொஞ்சம் இழுக்கிற பி-சாண்டே நல்லது; வெண்ணெயாக வழுக்குவதைச் சந்தேகியுங்கள்.

உள்சுவருக்கு 12 மி.மீ. போதும். வெளிப்புறம் 20 தேவைப்பட்டால் இரண்டு கோட்டாகப் போட வேண்டும். சுவரை முதல் நாளே நனைத்து வைப்பதும், கலவை ஈரமாகத் தெரிந்தால் மேலே வெறும் சிமென்ட் தூவித் தேய்க்காமல் இருப்பதும் விரிசலைப் பாதி குறைக்கும். நீராற்ற, அதாவது தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்க, ஐ.எஸ். 456 கான்கிரீட்டுக்குச் சொல்வது சாதாரணச் சிமென்ட்டுக்கு 7 நாள், பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கு 10 நாள். சூடும் காற்றும் உள்ள இடத்தில் அது 10, 14 ஆகும். நம் ஊருக்குப் பின்னதே பொருந்தும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

டஸ்ட்டை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். பேவர் கல்லுக்குக் கீழே படுகையாக, தரைக்கு நிரப்பாக, ஹாலோ பிளாக் வார்க்க அது விலைக்கு ஏற்ற சரக்கு. டஸ்ட் என்ற பெயரில், டஸ்ட் விலையில் விற்கும்வரை அதன் மேல் புகார் இல்லை.

விலை கிரஷருக்குக் கிரஷர், தூரத்துக்குத் தூரம் மாறும். யூனிட்டுக்குச் சில நூறு குறைவு என்று சொல்லும் இடத்தில் வாஷர் ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். ஓடினால் வாசலிலேயே தெரியும்: வழியும் சாம்பல் நிறத் தண்ணீர், தெளிவுத் தொட்டி, சொட்டச் சொட்ட நிற்கும் குவியல். குவியல் தூசி பறக்கக் காய்ந்து கிடந்து, பில்லில் ‘கழுவியது’ என்று இருந்தால் பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

மணலை வெறும் மண்ணில் கொட்டாமல் பழைய தார்ப்பாய் விரித்துக் கொட்டுங்கள். குவியலின் அடியில் வடிந்த மாவு சேர்ந்திருக்கும், கடைசி அரை அடியைப் பூச்சுக்கு எடுக்காமல் நிரப்புக்கு ஒதுக்குங்கள். முதல் நல்ல லோடிலிருந்து ஒரு பாட்டில் மணல் எடுத்து மூடி, தேதி எழுதி வையுங்கள். அடுத்த லோடு வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ரோட்டார் முனை தேய்ந்ததும் சல்லடை கிழிந்ததும் கிரஷர்காரர் சொல்லாமலே தெரிந்துவிடும்.